வன்னியிலிருந்து சென்னைக்கு: வான்வழித் தூரமும் பறப்பு நேரமும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்திலிருந்து சென்னைக்கு வான்வழித் தூரம் எவ்வளவு?

பலாலியிலுள்ள யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையத்திலிருந்து மீனம்பாக்கத்திலுள்ள சென்னை விமான நிலையம் வரை நேர்கோட்டில் அளந்தால் சுமார் 354 கிலோமீற்றர் வரும். இதுவே விமானிகள் பயன்படுத்தும் கடல் மைலில் 191 ஆகவும், தரை மைலில் 220 ஆகவும் அமையும். கொழும்புக்கு அருகிலுள்ள கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து சென்னைக்கு அதே முறையில் அளந்தால் சுமார் 643 கிலோமீற்றர் வரும்.

வேறு இடங்களில் 378 என்றும் 682 என்றும் போட்டிருக்கிறார்களே, எது சரி?

இரண்டும் சரியே, அளக்கத் தொடங்கும் இடந்தான் வேறு. 378 என்பது யாழ்ப்பாண நகரிலிருந்து சென்னை நகருக்கான தூரம். 682 என்பது கொழும்பு நகரிலிருந்து சென்னை நகருக்கான தூரம். கட்டுநாயக்க, கொழும்பிற்கு வடக்கே ஏறத்தாழ 30 கிலோமீற்றர் தள்ளி இருக்கிறது. மீனம்பாக்கமோ சென்னை நகரின் மையத்திற்குத் தெற்கே இருக்கிறது. ஆகவே இரு முனைகளிலும் தூரம் குறைந்து, விமான நிலையத்திலிருந்து விமான நிலையத்திற்கான கணக்கு சிறியதாகிவிடுகிறது. பலாலியும் அப்படியே, யாழ் நகருக்கு வடக்கே இருக்கிறது. பயணம் செய்பவருக்கு விமான நிலையக் கணக்கே பயன்படும். நகரக் கணக்கு வரைபடம் பார்ப்பவருக்கு உரியது. இன்னொன்றையும் கவனித்துக்கொள்ள வேண்டும்: கிலோமீற்றர், தரை மைல், கடல் மைல் ஆகிய மூன்றில் எதில் சொல்லப்பட்டிருக்கிறது என்று பாராமல் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டால் 354, 220, 191 ஆகிய மூன்றும் மூன்று வெவ்வேறு தூரங்களாகத் தெரியும்.

பறப்பு நேரம் எவ்வளவு?

பலாலியிலிருந்து சென்னைக்கு அட்டவணையில் சுமார் 1 மணித்தியாலம் 15 நிமிடம் முதல் 1 மணித்தியாலம் 30 நிமிடம் வரை போடப்படுகிறது. கட்டுநாயக்கவிலிருந்து சென்னைக்கும் ஏறத்தாழ அதே அளவுதான்.

தூரம் பாதியளவாக இருக்கும்போது நேரம் மட்டும் ஏன் குறையவில்லை?

வன்னியிலிருந்து முதன்முறை பலாலி வழியாகப் போகிறவர்களில் பெரும்பாலானோர் கேட்கும் கேள்வி இதுதான். இதற்குக் காரணம் இரண்டு.

முதலாவது காரணம் விமானம். பலாலி ஓடுபாதையின் இப்போதைய நிலைக்கு ஏடிஆர் 72 வகை விமானங்களே பொருந்துகின்றன. இறக்கைக்கு முன்னால் காற்றாடி சுழலும் இந்த விமானம் 70 முதல் 78 பேர் வரை ஏற்றிக்கொண்டு மணித்தியாலத்திற்கு ஏறத்தாழ 500 கிலோமீற்றர் வேகத்தில் பறக்கும். கட்டுநாயக்கவிலிருந்து புறப்படும் ஏர்பஸ் 320 போன்ற ஜெட் விமானங்களின் வேகம் ஏறத்தாழ 830 கிலோமீற்றர். வகுத்துப் பார்த்தால், 354 கிலோமீற்றரை 500 கிலோமீற்றர் வேகத்தில் கடக்க 42 நிமிடமும், 643 கிலோமீற்றரை 830 கிலோமீற்றர் வேகத்தில் கடக்க 46 நிமிடமும் எடுக்கும். தூரத்தில் கிடைத்த இலாபம் முழுவதையும் வேகக் குறைவு விழுங்கிவிடுகிறது.

இரண்டாவது காரணம் அட்டவணை. பயணச்சீட்டில் அச்சாகும் நேரம் வானில் இருக்கும் நேரம் மட்டுமன்று. தரித்து நிற்கும் இடத்தை விட்டு விமானம் நகரத் தொடங்கும் கணத்திலிருந்து, மறுமுனையில் தரிப்பிடத்தில் வந்து நிற்கும் கணம் வரை எண்ணப்படுவதே அந்த நேரம். ஓடுபாதை வரை ஊர்வது, முழு வேகம் கிடைக்கும் உயரத்திற்கு ஏறுவது, இறங்குவதற்கு முன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு வருவது, சென்னை போன்ற நெரிசலான இடத்தில் வரிசையில் காத்து வட்டமிடுவது ஆகிய அனைத்தும் அதில் அடங்கும். இவற்றுக்கு அரை மணித்தியாலம் வரை போகும். பயணம் குறுகியதாக இருக்கிறது என்பதற்காக இந்தப் பகுதி குறையாது. விமானம் குறித்த நேரத்திற்கு 10, 15 நிமிடம் முந்தி இறங்கிவிட்டால் விமானி வேகமாக ஓட்டினார் என்று பொருளில்லை; ஒதுக்கி வைத்த நேரம் அன்று தேவைப்படவில்லை என்றே பொருள்.

அப்படியானால் கிளிநொச்சியிலிருந்து போகிறவருக்குப் பலாலியால் என்ன நன்மை?

நன்மை வானத்தில் இல்லை, கண்டி–யாழ்ப்பாணம் ஏ-9 வீதியில் இருக்கிறது.

கிளிநொச்சியிலிருந்து சென்னை விமான நிலையத்திற்கு நேர்கோட்டுத் தூரம் சுமார் 400 கிலோமீற்றர். பலாலி வழியாகப் போனால் தரையில் ஏறத்தாழ 80, வானில் 354, ஆக 434 கிலோமீற்றர். நேர்கோட்டை விட ஏறத்தாழ 34 கிலோமீற்றர்தான் அதிகம். கட்டுநாயக்க வழியாகப் போனால் தெற்கு நோக்கித் தரையில் ஏறத்தாழ 300, பிறகு வடக்கு நோக்கி வானில் 643, ஆக 940 கிலோமீற்றருக்கும் மேல். போக வேண்டிய தூரத்தைப் போல இரண்டு மடங்கையும் தாண்டிவிடுகிறது.

இதில் வரைபடத்தை விரித்துப் பார்த்தால்தான் தெரியும் வேடிக்கை ஒன்றுண்டு. கட்டுநாயக்கவிலிருந்து சென்னைக்கு ஒரு நேர்கோடு கீறினால், அது மன்னார் நகருக்குச் சற்றுக் கிழக்காக ஏறி, யாழ்ப்பாணத்தின் மேலாகவே கடலுக்குள் இறங்குகிறது. பலாலி அந்தக் கோட்டின் மீதே இருக்கிறது என்று சொல்லிவிடலாம்: கட்டுநாயக்கவிலிருந்து பலாலி வரை சுமார் 290 கிலோமீற்றர், பலாலியிலிருந்து சென்னை வரை 354 கிலோமீற்றர், கூட்டினால் முழுத் தூரத்திற்குச் சரியாக வந்துவிடுகிறது. உண்மையான வான்பாதை அன்றன்று கட்டுப்பாட்டு நிலையம் தரும் வழியைப் பொறுத்துச் சற்று விலகலாம். ஆனாலும், முதல் நாள் இரவு வான் வண்டி பிடித்துத் தெற்கே போன வன்னிக்காரர், மறுநாள் காலையில் ஏறத்தாழ ஊரளவு வடக்கே திரும்பி வந்துதான் இந்தியாவை நோக்கிப் போகிறார். இரவு முழுக்கத் தரையில் ஓடிய அந்தத் தூரத்தை விமானம் அரை மணித்தியாலத்திற்குள் திருப்பிக் கொடுத்துவிடுகிறது.

வீட்டு வாசலிலிருந்து சென்னை வெளிவாசல் வரை மொத்தம் எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்?

கிளிநொச்சியிலிருந்து பலாலி வழியாக: வீதியில் சுமார் 2 மணித்தியாலம், விமான நிலையத்தில் 2 முதல் 3 மணித்தியாலம், பறப்பிற்கு ஒன்றேகால் முதல் ஒன்றரை, சென்னையில் குடிவரவும் பயணப்பொதியும் சுங்கமும் முடிய ஏறத்தாழ 1 மணித்தியாலம். ஆக ஏழு மணித்தியாலத்திற்குள் அல்லது சற்றுக் கூடுதலாக முடிந்துவிடும். கட்டுநாயக்க வழியாக: வீதியில் 6 முதல் 7, விமான நிலையத்தில் 3, பறப்பிற்கு ஏறத்தாழ ஒன்றரை, சென்னையில் 1, ஆக பதினொன்றரை முதல் பன்னிரண்டரை மணித்தியாலம். பறப்பு நேரத்தை மட்டும் கேட்டுவிட்டு முடிவெடுப்பவர்கள் இந்த ஐந்து மணித்தியால வேறுபாட்டைக் காண்பதில்லை.

வவுனியா, முல்லைத்தீவு, மன்னாரிலிருந்து போகிறவர்களுக்கும் இதே கணக்குத்தானா?

முழுவதும் இல்லை.

முல்லைத்தீவிலிருந்து புதுக்குடியிருப்பு, விசுவமடு, தருமபுரம் வழியாக ஏ-35 வீதியில் பரந்தன் சந்திக்கு ஏறி, அங்கிருந்து ஆனையிறவைக் கடந்து போக வேண்டும். பலாலிக்கு இரண்டரை முதல் மூன்று மணித்தியாலம் வைத்துக்கொள்வது நல்லது. முல்லைத்தீவுக்காரருக்குப் பலாலியே தெளிவான தெரிவு. மன்னாரிலிருந்து ஏ-32 வீதியில் பூநகரி வழியாக வந்து, 2011 ஜனவரியில் திறக்கப்பட்ட சங்குப்பிட்டிப் பாலத்தைக் கடந்தால் ஏறத்தாழ அதே நேரம். அந்தப் பாலம் இல்லாதிருந்தால் மன்னார் மக்கள் வவுனியாவைச் சுற்றித்தான் வடக்கே போக வேண்டியிருக்கும்.

வவுனியாதான் இழுபறியான இடம். அங்கிருந்து பலாலிக்கு வீதியில் ஏறத்தாழ 155 முதல் 160 கிலோமீற்றர், சுமார் 3 மணித்தியாலம். கட்டுநாயக்கவிற்கு ஏறத்தாழ 230 கிலோமீற்றர், சுமார் 5 மணித்தியாலம். தூரக் கணக்கில் பலாலி முந்துகிறது. ஆனால் கட்டுநாயக்கவிலிருந்து சென்னைக்குப் பகலிலும் இரவிலும் பல விமானங்கள் இருக்கின்றன. பலாலியில் ஒன்றை விட்டால் அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டும். நேரம் முக்கியமான வைத்தியசாலைப் பயணமாக இருந்தால், வவுனியாவுக்குத் தெற்கே இருப்பவர்கள் கட்டுநாயக்கவையே தெரிவுசெய்வதில் தவறில்லை. வவுனியாவுக்கு அப்பாலுள்ள ஓமந்தைக்கு வடக்கே இருப்பவர்கள் தெற்கே திரும்புவதற்கு, பலாலியில் இருக்கை கிடைக்கவில்லை என்பதைத் தவிர வேறு நல்ல காரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

வவுனியாவிலிருந்து வடக்கே வருகிறவர்கள் இன்னுமொன்றையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். முறிகண்டிப் பிள்ளையாரிடம் நிறுத்தித் தேங்காய் உடைத்துக் கச்சானும் வாங்காமல் எந்தச் சாரதியும் வானை எடுக்கப்போவதில்லை. அதற்கு 15 நிமிடம்.

பலாலிக்குப் போக யாழ் நகருக்குள் நுழைய வேண்டுமா?

வேண்டியதில்லை. மீசாலையில் ஏ-9 வீதியை விட்டுப் புத்தூர்ப் பக்கம் திரும்பி அச்சுவேலி வழியாகப் போனால் நகரின் பாடசாலை நேர நெரிசலைத் தவிர்க்கலாம். பேருந்தில் வருகிறவர்களுக்கு இது பொருந்தாது. அவர்கள் நகருக்குள் வந்து மாறித்தான் ஆக வேண்டும்.

கட்டுநாயக்கவிற்குப் புகையிரதத்தில் போகலாமா?

வடக்குப் பாதைப் புகையிரதம் எதுவும் விமான நிலையத்திற்குப் போவதில்லை. கம்பஹாவிலோ றாகமவிலோ நிற்கும் புகையிரதமாக இருந்தால் அங்கே இறங்கி வீதியால் போகலாம். பொதிகளுடன் அது சிரமம். புத்தளம், நீர்கொழும்பு வழியாக ஓடும் கொழும்புப் பேருந்து கட்டுநாயக்கவைத் தொட்டுப் போவதால், ஏறும்போதே நடத்துநரிடம் சொல்லி வைத்தால் அங்கேயே இறங்கலாம்.

இலங்கைக்கும் இந்தியாவுக்கும் நேர வேறுபாடு உண்டா?

இன்று இல்லை. இரண்டும் கிரீன்விச் நேரத்திற்கு ஐந்தரை மணித்தியாலம் முந்தியவை. பயணச்சீட்டில் புறப்பாடு 3 மணி, வருகை 4.20 என்றிருந்தால் பயணம் 1 மணித்தியாலம் 20 நிமிடந்தான். கூட்டவோ கழிக்கவோ எதுவுமில்லை.

ஒரு காலத்தில் இருந்தது என்பதை வன்னியில் நடுவயதைத் தாண்டியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மின்சாரச் சேமிப்புக்காக 1996 மே மாதத்தில் இலங்கை தன் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. அதே ஆண்டு ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னே எடுத்தது. 2006 ஏப்பிரலில்தான் பழைய நேரத்திற்குத் திரும்பியது. அந்தப் பத்தாண்டுகளில் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த வன்னி இந்த மாற்றத்தை ஏற்கவில்லை. ஆகவே கொழும்புக்கும் சென்னைக்கும் இடையே அரை மணித்தியால வேறுபாடு இருந்தபோது, கிளிநொச்சியின் கடிகாரம் சென்னையின் கடிகாரத்தோடு ஒத்தே ஓடியது. 2002இல் ஏ-9 வீதி திறந்த பின்னர், ஓமந்தையைக் கடந்து தெற்கே போகிறவர் கைக்கடிகாரத்தை அரை மணித்தியாலம் முன்னே வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அந்தக் காலத்துப் பயணச்சீட்டையோ விமான அட்டவணையையோ வைத்துப் பறப்பு நேரத்தைக் கணக்கிடுகிறவர்கள் இந்த அரை மணித்தியாலத்தைச் சரிசெய்துகொள்ள வேண்டும்.

சிங்கப்பூர் போன்ற இடங்களுக்கு எப்படிக் கணக்கிடுவது?

சிங்கப்பூர் நேரம் நம் நேரத்திற்கு இரண்டரை மணித்தியாலம் முந்தியது. கட்டுநாயக்கவிலிருந்து தூரம் சுமார் 2,730 கிலோமீற்றர், பறப்பு ஏறத்தாழ 4 மணித்தியாலம். நள்ளிரவு 12.30க்குப் புறப்பட்டால் அங்கே காலை 7 மணி என்று பயணச்சீட்டில் இருக்கும். ஆறரை மணித்தியாலம் பறப்பதாக எண்ணிப் பயப்பட வேண்டாம். டுபாய்க்கு இது தலைகீழ்: அந்த நேரம் நமக்கு ஒன்றரை மணித்தியாலம் பிந்தியது.

காற்று, மழை ஆகியவற்றால் பறப்பு நேரம் மாறுமா?

சோளகமோ வாடையோ, நம் பாதையின் நேரத்தைச் சில நிமிடங்களுக்கு மேல் மாற்றாது. பலாலி–சென்னைப் பாதை ஏறத்தாழ நேர் வடக்கு. காற்று பெரும்பாலும் குறுக்காகவோ சாய்வாகவோ வருகிறது. டுபாய் போல மேற்கே நீண்ட தூரம் போகும் பயணங்களில்தான் போகும் நேரத்திற்கும் திரும்பும் நேரத்திற்கும் தெளிவான வேறுபாடு தெரியும்.

மாரி காலத்துக் கதை வேறு. ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகீழ்ப் பருவக்காற்று மழை பலாலியிலும் சென்னையிலும் ஒரே காலத்தில் பெய்கிறது. வங்காள விரிகுடாப் புயல்களும் அந்த மாதங்களிலேயே வருகின்றன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும், 2024 நவம்பர் 30ஆம் திகதி ஃபெஞ்சல் புயலின்போதும் சென்னை விமான நிலையம் மூடப்பட்டது. அப்படிப்பட்ட நாள்களில் பறப்பு நேரம் என்ற பேச்சுக்கே இடமில்லை. பலாலியில் இறங்க முடியாத அளவுக்கு மழையும் மறைப்பும் இருந்தால் விமானம் சென்னைக்கே திரும்ப வேண்டியிருக்கும். சென்னையிலிருந்து மேலும் ஒரு விமானம் மாறிப் போகிறவர்கள், மாரியில் இரண்டு பயணங்களுக்கும் நடுவே ஓர் இரவாவது இடைவெளி விடுவது நல்லது. ஒன்றரை மணித்தியாலம் போதும் என்று அட்டவணை சொல்லும். நவம்பர் மாதம் சொல்லாது.

திருச்சிக்குப் பறப்பது இன்னும் குறுகியதா?

ஆம். பலாலியிலிருந்து திருச்சிராப்பள்ளி விமான நிலையம் சுமார் 184 கிலோமீற்றர்தான். இண்டிகோ நிறுவனம் 2024 செப்ரெம்பர் 1ஆம் திகதி சென்னை–யாழ்ப்பாணச் சேவையையும், 2025 மார்ச் 30ஆம் திகதி திருச்சி–யாழ்ப்பாணச் சேவையையும் தொடங்கியது. சென்னைக்கான தூரத்தில் இது பாதியளவே என்றாலும் அட்டவணை நேரம் ஏறத்தாழ 1 மணித்தியாலமாகவே இருக்கிறது. மேலே சொன்ன ஊர்தலும் ஏறுதலும் இறங்குதலும் இங்கும் உண்டு.

போகுமிடத்தைப் பார்த்துத் தெரிவுசெய்ய வேண்டும். வேளாங்கண்ணி, தஞ்சாவூர், மதுரைப் பக்கம் போகிறவர்களுக்குத் திருச்சியே சரி. சிகிச்சைக்காக வேலூர் போகிறவர்கள் சென்னையில் இறங்குவதே நல்லது. அங்கிருந்து வேலூர் ஏறத்தாழ 140 கிலோமீற்றர். சென்னைக்கே போக வேண்டியவர் சீட்டு மலிவு என்று திருச்சியில் இறங்கினால், மீதி 330 கிலோமீற்றரைத் தரையில் ஓட வேண்டியிருக்கும். விமானத்தில் மிச்சம் பிடித்த நேரம் விழுப்புரத்தைத் தாண்டும் முன்பே தீர்ந்துவிடும்.

கப்பலில் போனால்?

காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் இடையே 2023 ஒக்டோபரில் தொடங்கிய பயணிகள் கப்பற் சேவை, சுமார் 60 கடல் மைலை, அதாவது 111 கிலோமீற்றரை, ஏறத்தாழ 4 மணித்தியாலத்தில் கடக்கிறது. நாகபட்டினத்திலிருந்து சென்னை இன்னும் சுமார் 300 கிலோமீற்றர். நாகை, காரைக்கால் பக்கம் போகிறவர்களுக்கு ஏற்றது, சென்னைக்கு ஏற்றதன்று. மாரியில் கடல் கொந்தளிப்பதால் சேவை நிறுத்தப்படும்.

பலாலிக்கும் சென்னைக்கும் விமானம் பறப்பது புதிய விடயமா?

இல்லை. எயார் சிலோன் நிறுவனத்தின் முதற் பறப்பே 1947 டிசம்பர் 10ஆம் திகதி இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாக, அதாவது இன்றைய பலாலி வழியாகத்தான், சென்னைக்குப் போனது. நான் மேலே சொன்ன நேர்கோட்டை அன்றைய டக்கோட்டா விமானம் நடுவில் இறங்கி ஏறிக் கடந்தது. போர்க்காலத்தில் சர்வதேசச் சேவைகள் அற்றுப்போய், 2019 ஒக்டோபர் 17ஆம் திகதி பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நவம்பரில் அலையன்ஸ் எயார் சென்னைச் சேவையைத் தொடங்கியது. கொரோனாவால் 2020 மார்ச்சில் நின்ற சேவை 2022 டிசம்பர் 12ஆம் திகதி மீண்டது.

ஏடிஆர் விமானத்தில் ஏறுவதற்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்?

பயணிகள் ஏறும் கதவு விமானத்தின் பின்புறம் இருக்கிறது. ஆகவே கடைசி வரிசை இருக்கைக்காரரே முதலில் இறங்குவார். முன்னிருக்கை கேட்டுப் பணம் கட்டுவதில் இங்கே பயனில்லை. பலாலியில் வெயிலில் நடந்து போய், குறுகிய படிகளில் ஏற வேண்டும். முழங்கால் நோவுள்ள தாய் தந்தையரை அனுப்புகிறவர்கள் சக்கர நாற்காலி உதவியைப் பயணச்சீட்டு எடுக்கும்போதே கேட்டு வையுங்கள். தலைக்கு மேலுள்ள பொதித்தட்டு சிறியது. ஜெட் விமானத்தில் உள்ளே போகும் பெட்டி இங்கே போகாமல் இருக்கலாம். முல்லைத்தீவு நெய்யையும் காட்டுத்தேனையும் போத்தலில் அடைத்துக் கைப்பையில் வைத்தால் 100 மில்லிலீற்றருக்கு மேற்பட்டதைப் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடுவார்கள்; அவற்றை ஒழுகாமல் கட்டி, ஒப்படைக்கும் பொதிக்குள் வைக்க வேண்டும்.

இந்த விமானத்தில் இறக்கை உடலின் மேற்புறத்தில் இருப்பதால் சன்னலுக்குக் கீழே எதுவும் மறைக்காது. 25,000 அடிக்கு மேல் ஏறாத விமானமாதலால், வானம் தெளிந்திருந்தால் கரையும் அலையும் நன்றாகவே தெரியும்.

எத்தனை மணிக்கு விமான நிலையத்தில் நிற்க வேண்டும்? அட்டவணை மாறுமா?

பொதி ஒப்படைக்கும் பீடம் புறப்பாட்டுக்கு ஏறத்தாழ 1 மணித்தியாலம் முந்தி மூடப்படும். அதற்கு இரண்டு மணித்தியாலம் முன்பாக வாசலில் நின்றால் பதற்றமில்லை. அட்டவணை ஆண்டில் இரண்டு முறை, மார்ச் கடைசி ஞாயிறிலும் ஒக்டோபர் கடைசி ஞாயிறிலும் மாறும். ஏப்பிரலில் போய் வந்த உறவினர் சொன்ன நேரத்தை நம்பி நவம்பரில் வான் பேச வேண்டாம். பயணச்சீட்டில் கொடுக்கும் தொலைபேசி இலக்கம் பயணம் போகிறவருடையதாகவே இருக்கட்டும்; நேரமாற்றச் செய்தி அந்த இலக்கத்திற்குத்தான் வரும், சீட்டு எடுத்துக் கொடுத்த வெளிநாட்டு மகனின் இலக்கத்திற்கு வந்தால் அவர் அந்நேரம் உறக்கத்தில் இருப்பார்.